கையில் குத்திய தொட்டில்

என் வலது முன்கையின் உட்பக்கத்தில் ஒரு தொட்டில் இருக்கிறது. பச்சை குத்தியது. மேலே ஒரு கோடு, அதிலிருந்து இறங்கும் இரண்டு கயிறு, கீழே வளைந்த ஒரு பிறை, சுற்றிலும் பதினொரு புள்ளி. எனக்கு ஒன்பது வயதாகும்போது சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஊசியும் கொட்டாங்குச்சியுமாக வந்த ஒரு பொம்பளையை உட்காரவைத்து அம்மா குத்தவைத்தாள். செத்தால் எல்லா நகையையும் கழற்றிக்கொண்டுதான் அனுப்புவார்கள், இதை மட்டும் எவனாலும் கழற்ற முடியாது என்பாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாவுக்கென்று நகை பூட்டியவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் கையில் அதே தொட்டில்தான். அந்தப் பொம்பளைக்குக் குத்தத் தெரிந்ததே மூன்று படம்: தொட்டில், தேள், கோலம். தேளைப் பார்த்துப் பயந்து நான் தொட்டிலைக் கேட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் வேலை தேடி அலைந்தபோது அந்தத் தொட்டில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா இல்லை. அம்மா ஓர் அச்சகத்தில் அச்சான தாள்களைப் பாரம் பாரமாக மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அடையாற்றில் ஒரு டாக்டர், கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார். போனேன். என் சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் கையைப் பார்த்து, "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். மயிலாப்பூரில் குழந்தைகள் சட்டை விற்கும் கடையின் முதலாளியம்மா இன்னும் மரியாதை. வருகிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிக் குடிக்க மோர் கொடுத்து அனுப்பினாள். மோரைக் குடித்துவிட்டு வாசலில் நின்று எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் மனசுக்குள் சொன்னேன்.

கடைசியில் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடை. தெற்கத்திக்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர். மாடியில் பட்டுப் பிரிவில் பெண்களையே புடவை காட்ட வைத்தால் வருகிற பெண்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்கும் என்று பெரியவருக்கு ஒரு யோசனை. ஒரு சந்தன நிறப் பட்டைப் பிரித்து முந்தானையை முன்கைமேல் விரித்துக் காட்டச் சொன்னார். பட்டு எடுத்துக் காட்டுவதில் அதுதான் வித்தை. சரிகை எப்படி விழுகிறது, நிறம் உடம்பில் எப்படி நிற்கும் என்பதெல்லாம் காட்டுகிறவள் கைமேல்தான் தெரியும். விரித்தேன். சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் என் தொட்டில் அன்றைக்கென்று பளிச்சென்று இருந்தது.

"இந்தக் கையிலயா கல்யாணப் பட்டைக் காட்டுறது?" என்றார் தம்பி. பார்க்க வருகிறவர்கள் பட்டை விட்டுவிட்டுப் பச்சையைத்தான் பார்ப்பார்கள் என்றும், சேராங்கொட்டைப் பாலில் சுண்ணாம்பைக் குழைத்துப் போட்டால் இரண்டு நாள் எரியும், அப்புறம் போய்விடும் என்றும் எனக்கு வைத்தியம் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள், மணிக்கட்டில் பட்டன் வைத்துத் தைத்துக்கொள், மூன்று மாதம் பார்க்கிறேன், சரியாக இருந்தால் பெர்மனென்ட் என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குத் திரும்பும்போது நாட்டு மருந்துக் கடையில் சேராங்கொட்டை வாங்கிக்கொண்டுதான் போனேன். அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சாக்கடையில் வீசினாள். "இன்னாடி, கை போச்சின்னா அவனா வந்து உனக்கு சோறு ஊட்டப் போறான்?" என்றாள். அதோடு சரி. இரண்டு முழுக்கை ரவிக்கை தைத்தோம்.

சென்னை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டவளுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. கீழே வேட்டி விற்கும் ஆள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சிஸ்டர், மாதா கோயில் மணி அடிச்சாச்சா?" என்று கேட்பான். போய்யா என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவேன். வியர்வையில் துணி கையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது மாதம் முடியப் போகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி, கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது. வாடிக்கையாளர் யாரும் இல்லை என்று நினைத்து இரண்டு பட்டனையும் கழற்றிக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டேன்.

அப்போதுதான் ஓர் அம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். மயிலாப்பூர்க்காரர் என்று பேச்சைக் கேட்காமலே தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், கூடத் தங்கை மகள். கல்யாணத்துக்குப் பட்டு வேண்டும் என்றார்கள். சுருட்டிய கையை இறக்க மறந்துபோய் ஒரு மாம்பழ நிறத்தை எடுத்து விரித்துவிட்டேன். தங்கை மகள் சரிகையைப் பார்த்தாள். அந்த அம்மாள் புடவையை மெதுவாக ஒதுக்கிவிட்டு என் கையைப் பார்த்தார். ஒரு விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, உதட்டுக்குள்ளேயே எண்ணினார். பதினொன்று வந்ததும் நிறுத்தினார்.

"எரிச்சுண்டியே," என்றார், ஏதோ விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருகிற மாதிரி. "திரும்ப எப்படி வந்தது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்ன வயதில் அம்மா குத்தவைத்தது, எரிக்கவெல்லாம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். பொய்தான் சொல்கிறாய், இருந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு ஆட்டல். அப்புறம் கீழேயிருந்து ஒரு நூல் புடவை கொண்டுவரச் சொன்னார். வெள்ளை, பச்சைக் கரை. அதையும் கல்யாணப் பட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரியவர் எல்லாவற்றையும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, என் வேலை போச்சு என்று நினைத்து அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தனியாக வந்தார். அதே பதினோரு மணி. நேரே என் முன்னால் உட்கார்ந்து, "கையைக் காட்டு," என்றார். பட்டனைக் கழற்றிக் காட்டினேன். பத்து நிமிடம் அதையே பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைப் புடவை, பச்சைக் கரை. அதற்கடுத்த வெள்ளி அவருடைய அண்ணன் வீட்டுக் கல்யாண ஜவுளி முழுவதும் எங்கள் கடைக்கு வந்தது. பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்தால் பட்டனைக் கழற்றிக்கொள், மற்ற நேரம் போட்டுக்கொள் என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஊருக்கெல்லாம் மூடு, ஒருத்திக்கு மட்டும் திற. என் கை என்ன கடை ஷட்டரா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. பெர்மனென்ட் என்ற ஒரு சொல் அதை உள்ளே தள்ளிவிட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த வெள்ளிக்கிழமைகள் மேல் பயம் வந்துவிட்டது. நல்ல பகல், கீழே தெருவில் பஸ்ஸும் பூக்காரியின் கத்தலும், சுற்றிலும் ஆட்கள். அதற்கு நடுவில் அந்த அம்மாள் என் கையோடு பேசுவார். என்னோடு இல்லை, கையோடு. "வலி குறைஞ்சுதா?" என்பார். "சீம்பால் கொண்டுவரச் சொல்லட்டுமா, உனக்குப் பிடிக்குமே," என்பார். ஒருநாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தூங்கிட்டானா?" என்று கேட்டார். யார் என்றுகூடத் தெரியாமல் நானும் அதே தாழ்ந்த குரலில், "தூங்கிட்டான்மா," என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்று வீட்டுக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்தேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமை ஆனாலே தொட்டிலுக்குள்ளே மட்டும் சூடாக இருக்கும். அம்மா தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லையே என்பாள்.

பெரிய வீடுகளுக்கு அந்த நாளில் கடையிலிருந்தே புடவைகளை மூட்டை கட்டி எடுத்துப்போய்க் காட்டுவது வழக்கம். மூன்றாவது மாதத்தின் கடைசி வாரத்தில் அப்படி அந்த அம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. என்னையும் இன்னொரு விற்பனையாளரையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி மயிலாப்பூருக்கு அனுப்பினார் பெரியவர். கிளம்பும்போது, இந்த வாரத்தோடு மூன்று மாதம் முடிகிறது, ஞாபகம் இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கூடத்தில் கூட வந்த விற்பனையாளர் மூட்டையைப் பிரித்தார். வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டனைக் கழற்றிவிட்டு உள்ளறைக்கு அழைத்துப்போய் ஒரு மர பீரோவைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை வெள்ளைப் புடவை, பச்சைக் கரை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எங்கள் கடைக் காகிதம் மேலே கொஞ்சம்தான். அதற்குக் கீழே வேறு வேறு கடைக் காகிதங்கள். அடித்தட்டில் இருந்தவை மஞ்சளாகிப் போயிருந்தன. நான் பிறப்பதற்கு முன்னால் வாங்கியவையாக இருக்க வேண்டும்.

"எல்லாம் உன்னோடதுதான்," என்றார். "ஒண்ணாவது கட்டிக்கோயேன்."

கூடத்திலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் காபியோடு சமையல் மாமி வந்தாள். பீரோ திறந்திருப்பதையும் என் கையையும் பார்த்தாள். பயப்படாதே என்று சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஓர் ஆயா இருந்தாள். பச்சைக் கரை வைத்த வெள்ளைப் புடவைதான் கட்டுவாள். வீட்டின் மூத்த பிள்ளை கைக்குழந்தை. ஆயாவின் கையில் தொட்டில் பச்சை. குழந்தை அந்தக் கைமேல் படுத்து அந்தத் தொட்டிலைத் தடவிக்கொண்டே தூங்கும். அம்மா எடுத்தால் வீல் என்று கத்தும். பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை, அதை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார். போக்கிடமில்லாதவள். சேராங்கொட்டையும் சுண்ணாம்பும் வைத்து எரித்துக்கொண்டாள். கை வீங்கிற்று, பல் கிட்டிப்போயிற்று, ஏழாம் நாள் போய்விட்டாள். குழந்தை நன்றாக வளர்ந்து இப்போது தில்லியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார். அவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்றாள் மாமி.

என் காபி ஆறிப்போய்விட்டது. நானும் அந்தப் பொட்டலத்தை வாங்கியவள்தானே. அம்மா மட்டும் வீசாமல் இருந்திருந்தால்?

அந்த அம்மாள் திரும்பி வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய மனுஷி, தரையில். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

ஒரே ஒரு வார்த்தை. என் நாக்கு நுனியில் இருந்தது. கிழவியைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. ஆனால் தொந்தரவு பண்ணமாட்டேன் என்றாரே, அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை வரமாட்டார். அண்ணன் வீடு, தங்கை வீடு, சம்பந்தி வீடு என்று வரிசையாக நிற்கிற கல்யாணங்கள் வேறு கடைக்குப் போகும். பிறகு இந்தக் கையை வைத்துக்கொண்டு பெரியவர் என்ன செய்வார்? கடையில் சரக்கு இல்லாதபோது வாடிக்கையாளரிடம் என்ன சொல்லப் பழகியிருந்தேனோ, அதே குரலில் அதே இழுப்பில் சொன்னேன்.

"அடுத்த வாரம் கடைக்கு வாங்கம்மா. சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. சரி என்று தலையாட்டினார். அந்தச் சனிக்கிழமை என்னை பெர்மனென்ட் ஆக்கினார்கள்.

ஏழு வருடம். நம்புங்கள், ஏழு வருடம் அவர் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். உட்காருவார், நான் பட்டனைக் கழற்றுவேன், அவர் புள்ளிகளை எண்ணுவார். "இன்னிக்கா?" என்பார். "அடுத்த வாரம்மா," என்பேன். வெள்ளைப் புடவையை வாங்கிக்கொண்டு படியிறங்குவார். அவர் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றும் எங்களிடம்தான் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மந்தைவெளியில் தண்ணீர்க் குழாய் உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். கடையில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்களுக்கு நான் வேலை கற்றுக்கொடுத்தேன். கையில் பச்சை உள்ள இரண்டு பேர் வேலை கேட்டு வந்தபோது சின்னவர் முகம் சுளித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிழவிக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று சில நாள் எனக்கே நான் வாதாடுவேன். ஓர் உயிரைக் கொன்றுவிட்டு, கடையில் வந்து புடவை வாங்குகிற மாதிரி மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்றால் என்ன நியாயம்? அந்த ஆயாவுக்காக நான்தான் பிடித்துவைத்திருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருக்கும். மறுநாள் சம்பளக் கவரைக் கையில் வாங்கும்போது அந்தப் பெருமை எங்கே போகும் என்று தெரியாது. இரண்டுமே என்னிடம் இருந்தன. எது கூட, எது குறைச்சல் என்று நான் அளந்து பார்க்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவருக்குப் பதிலாகச் சமையல் மாமி வந்தாள். அம்மாள் படுத்த படுக்கையாகி நாலு நாள் ஆகிறது, உன் கையைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். பெரியவரே ஒரு வெள்ளைப் புடவையை எடுத்து என்னிடம் கொடுத்து அனுப்பினார். அன்று பில் போடவில்லை.

போகிற வழியெல்லாம் கை எரிந்தது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். இனி என்னிடமிருந்து போவதற்கு ஒன்றுமில்லை. பெர்மனென்ட் ஆகி ஏழு வருடம், மாடியில் நான்தான் மூத்தவள். இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அவ்வளவு மலிவாகிவிட்டது அந்த வார்த்தை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜன்னல் முழுவதும் திறந்து வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் மெலிந்து கிடந்தார். நான் சட்டென்று பட்டன்களைக் கழற்றிக் கையை அவர் பக்கத்தில் வைத்தேன். எண்ணினார். பதினொன்றுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் குனிந்து, "மன்னிச்சுட்டேன்மா," என்றேன்.

அவர் விரல் நின்றது. கையை விட்டுக் கண்ணைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நெற்றி, மூக்கு, வாய் என்று நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பைத்தியம் எதுவும் இல்லை. வாசலில் வந்து நிற்கிற தெரியாத ஆளைப் பார்க்கிற தெளிவான பார்வை.

"யாரு நீ?" என்றார்.

கடையிலிருந்து வந்திருக்கிறாள், உங்களுக்குத் தெரிந்தவள்தான் என்று மாமி பின்னாலிருந்து சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"மன்னிச்சேன்னு நீ எப்படிச் சொல்றே? அவளைக் கேட்டியோ?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் என் கையைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார் என்று திங்கட்கிழமை கடைக்குச் செய்தி வந்தது.

நான் அவளைக் கேட்கவில்லை. எங்கே குடியிருந்தாள், அவளுக்குப் பிள்ளைகுட்டி உண்டா, எத்தனை வயதில் செத்தாள் என்று எதையும் நான் விசாரித்ததில்லை. சமையல் மாமியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஏழு வருடம் அவள் கையை வைத்துச் சாப்பிட்டேன். அவள் பெயர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது.